வேல்ஸுக்கு எது சரி: அதிகாரப் பகிர்வா, தனிநாடா?

டாஃப்கரை

போன வாரம் கார்டிஃபிலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கு ரயிலில் போனேன். ஒன்று வேல்ஸின் தலைநகர், இன்னொன்று அதன் தேசிய நூலகம் இருக்கிற கடற்கரை ஊர். காரில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். ரயில் என்றால் வடக்கே ஏறி, எல்லையைத் தாண்டி, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, மறுபடி மேற்கே வேல்ஸுக்குள் வர வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். தெற்கிலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கு நேராகப் போக ஒரு பாதை இருந்தது, கார்மார்தன் வழியாக. 1965-ல் அதில் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். வேல்ஸுக்கென்று சொந்தமாக ஓர் அமைச்சரவை வருவதற்கு 34 வருஷம் முன்பு.

ஷ்ரூஸ்பரி பிளாட்பாரத்தில் குளிரில் நின்றபோது தோன்றியதைத்தான் இங்கே கேட்கிறேன். 1999-லிருந்து வேல்ஸுக்குச் சொந்தச் சட்டமன்றம் இருக்கிறது. இப்போது அதற்கு செனெத் என்று பெயர். மருத்துவம், பள்ளிக்கூடம், உள்ளாட்சி, விவசாயம் எல்லாம் அதன் கையில். ரயில் தண்டவாளம் மட்டும் பெரும்பாலும் லண்டன் கையில். அதனால்தான் லண்டனிலிருந்து இங்கிலாந்தின் வடக்கு நோக்கிப் போடுகிற ஹெச்எஸ்2 அதிவேகப் பாதையை 'இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான திட்டம்' என்று கணக்கில் எழுத முடிந்தது. அந்தப் பாதையில் ஒரு மீட்டர்கூட வேல்ஸ் மண்ணில் இல்லை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் அதற்கு ஈடான பங்குப் பணம் கிடைத்தது, வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை.

31 லட்சம் பேர் வாழ்கிற சின்ன தேசம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே போவது நல்லதா, தனியாகப் போய்விடுவது நல்லதா? இங்கே வாழ்கிறவர்கள், ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கம் இருக்கிறவர்கள் எழுதுங்கள். 'நம்ம ஊரில்' என்று ஆரம்பித்தால் இழை வேறு பக்கம் ஓடிவிடும். உண்மையிலேயே தொடர்பு இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள்.

வரவுசெலவு

நான் கணக்குத் துறை ஆள், நியூபோர்ட்டில் இருக்கிறேன். பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேல்ஸில் வசூலாகிற வரிக்கும் வேல்ஸுக்காகச் செலவாகிற தொகைக்கும் நடுவே வருஷத்துக்கு ஆயிரம் கோடி பவுண்டுக்கும் மேல் இடைவெளி இருக்கிறது. இது யாரும் கட்டிவிட்ட கதை இல்லை, தனிநாடு கேட்கிறவர்களும் ஒத்துக்கொள்கிற இடைவெளிதான். இதில் பென்ஷன், ராணுவம், பிரிட்டனின் பழைய கடனுக்கான வட்டி ஆகியவற்றில் வேல்ஸின் பங்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது என்பதில் சண்டை உண்டு. பிரியும்போது பேரம் பேசி அதைக் குறைக்கலாம். ஆனால் இல்லாமல் பண்ணிவிட முடியாது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடியாயிற்று. வயதானவர்கள் அதிகம். பள்ளத்தாக்கு ஊர்களில் நோய் அதிகம், சம்பளம் குறைவு.

இப்போது இருக்கிற ஏற்பாட்டைப் பாருங்கள். பார்னெட் சூத்திரம் என்று ஒன்று. இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவத்துக்கோ செலவு கூடினால், ஜனத்தொகை விகிதத்தில் வேல்ஸுக்கும் கூடும். யாருக்கு எவ்வளவு தேவை என்று அது பார்க்காது. வேல்ஸ் அரசு அமைத்த ஹோல்தம் குழு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, இங்கிலாந்தில் 100 பவுண்ட் செலவாகிற இடத்தில் வேல்ஸின் தேவை சுமார் 115 பவுண்ட் என்று சொன்னது. அதற்கு அப்புறம் 2016-ல் இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, வேல்ஸுக்கு வருகிற கூடுதல் பணத்தில் 5 சதவீதம் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இது அதிகாரப் பகிர்வுக்குள்ளேயே உட்கார்ந்து பேசி வாங்கினது. 2018-ல் வேல்ஸ் தன் சொந்த வரிகளை விதிக்க ஆரம்பித்தது, கிட்டத்தட்ட 800 வருஷத்தில் முதல் தடவையாக. 2019 முதல் வருமான வரியில் ஒவ்வொரு அடுக்கிலும் 10 பென்ஸ் அதன் கையில்.

மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் நகர்கிறது. நாளைக்கே தனியாகப் போனால் நர்ஸ் சம்பளத்துக்கு எங்கே போவது என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

கிளாஸ்கோ யாழ்ப்பாணி

2014 செப்டம்பர் 18. எங்கட வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில வாக்குச் சாவடி. அந்த வாக்கெடுப்பில பொதுநலவாய நாட்டுக்காரருக்கும் வாக்கு இருந்தது, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் இருந்தது. என்ர மூத்தவனும் நானும் ஒன்றாய்ப் போய் வரிசையில நின்றோம். நூலில கட்டின பென்சில். 'ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?' ஆம், இல்லை. அவ்வளவுதான் சீட்டில. ஒரு தேசம் பிரியிறதா இருக்கிறதா என்ற கேள்வியை ஒரு துவக்கும் இல்லாமல், ஒரு சோதனைச் சாவடியும் இல்லாமல், பென்சிலால எழுதித் தீர்க்கலாம் என்று நான் என்ர கண்ணால பார்த்த நாள் அது. மகன் 'ஆம்' போட்டான். நான் 'இல்லை' போட்டன்.

ஏன் போட்டன் என்று சொல்லுறன். என்ன காசு பாவிக்கிறது என்ற கேள்விக்குச் சரியான மறுமொழி வரேல்லை. 'பவுண்டையே பாவிப்பம்' என்று அவை சொல்ல, லண்டன் 'பங்கு தரமாட்டம்' என்றது. மற்றது, பிரிஞ்சால் ஐரோப்பிய ஒன்றியத்தில இடம் போயிடும் என்று சொன்னவை. 55 சதவீதம் பேர் என்னைப் போல 'இல்லை' என்றோம். வாக்களிச்சது 84.6 சதவீதம்.

இரண்டு வருசத்தில 2016. ஸ்காட்லாந்தில 62 சதவீதம் பேர் ஐரோப்பாவில இருக்க வேணும் என்றவை. ஆனாலும் வெளியில வந்தோம். நான் எந்தப் பயத்தில 'இல்லை' போட்டனோ, அதுவே 'இல்லை' போட்டதால நடந்தது. இதை மகன் எனக்குச் சொல்லிக் காட்டேல்லை. அது அவன்ர நல்ல குணம்.

வரவுசெலவு ஐயா, உங்கட கணக்குப் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில, சேர்ந்திருக்கிறதால வாற நட்டத்துக்கும் ஒரு வரி போட வேணும்.

மூன்றுமொழி அம்மா

நான் கார்மார்தன் பக்கம். என் பெண் வெல்ஷ் வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் வெல்ஷ், தெருவில் இங்கிலீஷ். சாப்பாடு போட்டால் 'டியோல்ஹ், அம்மா' என்பாள், நன்றி என்று. அவளுடைய 'ழ'வைக் கேட்டு டீச்சர் ஆச்சரியப்பட்டார். அவருடைய இரட்டை 'எல்' எனக்கு இன்னும் வரவில்லை.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல ஆசை. எல்லாம் செனெத் வந்த பிறகுதான் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எஸ்4சி என்ற வெல்ஷ் டிவி 1982-லேயே வந்துவிட்டது. அதைக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு அரசு பின்வாங்கியபோது, வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் க்வின்ஃபோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980-ல் அறிவித்தார். தாட்சர் அரசு இறங்கி வந்தது. 1993 மொழிச் சட்டமும் லண்டன் போட்டதுதான். ஜனங்கள் போராடி லண்டனிடமிருந்தே வாங்கினார்கள்.

செனெத் வந்த பிறகு 2011-ல் வெல்ஷ் அதிகாரபூர்வ மொழி ஆனது. 2050-க்குள் பத்து லட்சம் பேர் பேச வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். ஆனால் 2021 கணக்கெடுப்பில் பேசுகிறவர்கள் 17.8 சதவீதமாகக் குறைந்திருக்கிறார்கள். கிராமங்களில் வேலை இல்லை, பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள், வீடுகளை வெளியூர்க்காரர்கள் லீவு வீடாக வாங்கிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் காப்பாற்ற முடியுமா என்று பள்ளி வாசலில் நிற்கும்போது தினமும் தோன்றுகிறது.

டப்ளின்வாசி

தனியாகப் போன சின்ன தேசத்தில் இருந்து எழுதுகிறேன். இன்று அயர்லாந்தின் பகட்டைப் பார்த்து 'பாருங்கள், சுதந்திரம் வாங்கினால் பணக்காரர் ஆகலாம்' என்று வேல்ஸில் சிலர் பேசுகிறார்கள். அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். 1922-ல் தனி அரசு அமைந்தது. உடனே உள்நாட்டுப் போர். அதற்கு அப்புறம் பல வருஷம் வறுமை. 1950-களில் மட்டும் நாலு லட்சம் பேர் வேலை தேடி வெளியேறினார்கள், அதிலும் பெரும்பாலோர் போனது எந்த நாட்டிலிருந்து பிரிந்தார்களோ அந்த பிரிட்டனுக்கே. 1961-ல் மொத்த ஜனத்தொகை 28 லட்சமாகத் தேய்ந்துவிட்டது. ஐரிஷ் பவுண்ட் 1979 வரை பிரிட்டிஷ் பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டிப்போட்டிருந்தது. அதாவது, பிரிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் வட்டி விகிதத்தை நடைமுறையில் லண்டன்தான் தீர்மானித்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 1950-களின் கடைசியில், இந்தப் பாதை சரியில்லை என்று டப்ளினில் உட்கார்ந்தே முடிவெடுத்தார்கள். வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்தார்கள். 1967-லிருந்து மேல்நிலைக் கல்வியை இலவசமாக்கினார்கள். 1973-ல் ஐரோப்பாவில் சேர்ந்தார்கள். நிறுவன வரியைத் தாங்களே குறைத்தார்கள். இதில் ஒன்றுக்கும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தப்பான கொள்கையில் முப்பது வருஷம் கிடந்ததும் அவர்களே, மாற்றிக்கொண்டதும் அவர்களே. வேல்ஸால் நிறுவன வரியைத் தொட முடியுமா?

வரவுசெலவு

முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன். கடலடி நிலத்தை வைத்திருக்கிற அரசுரிமைச் சொத்து நிர்வாகமான கிரவுன் எஸ்டேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலில் காற்றாலை வைக்க வேண்டுமானால் கடலடிக்கு வாடகை கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தில் அந்த வாடகை 2017 முதல் எடின்பரோவில் இருக்கிற ஸ்காட்லாந்து அரசுக்கு வருகிறது. வேல்ஸ் கடலின் வாடகை லண்டன் கஜானாவுக்குப் போகிறது. இதற்கு நியாயமான காரணம் ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

ஆனால் டப்ளின்வாசி சொன்ன அந்த முப்பது வருஷம் யாருடைய முப்பது வருஷம்? கப்பல் ஏறிய நாலு லட்சம் பேருக்கு அது வாழ்க்கையின் பாதி. வேல்ஸில் அப்படி ஒரு காலம் வந்தால் முதலில் வண்டி ஏறப்போவது மூன்றுமொழி அம்மாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். மொழி பேசுகிறவர்களே போய்விட்ட பிறகு தனிநாடு எதற்கு?

சந்தேகம்

நான் எதிர்க்கட்சி மாதிரி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். ராத்திரி கட்டிலில் புரண்டு படுக்கவே முடியாமல், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். மருத்துவம் 1999-லிருந்து கார்டிஃபின் பொறுப்பு. கால் நூற்றாண்டுக்கும் மேல் ஒரே கட்சியின் தலைமையில் ஆட்சி. பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கிற பிசா தேர்வில், 2022-ல், பிரிட்டனின் நாலு பகுதிகளில் வேல்ஸ் பிள்ளைகள் கடைசி. 1999 முதல் 2021 வரை நடந்த ஆறு தேர்தலில் ஒன்றில்கூடப் பாதிப் பேர் ஓட்டுப் போட வரவில்லை. கொடுத்ததையே ஒழுங்காக நடத்தாதபோது இன்னும் கேட்பது எப்படி?

டாஃப்கரை

சந்தேகம் அவர்களே, மாமியார் இப்போது நலமா? மருந்தகத்தில் நிற்கிறவன் நான். வலி மாத்திரைச் சீட்டு மாதா மாதம் புதுப்பிக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையை மறுக்கமாட்டேன். அந்தச் சீட்டுக்கு 2007-லிருந்து வேல்ஸில் காசு கிடையாது என்பதும் எனக்கு அதே கவுன்டரில்தான் தெரியும். சர்க்கரை நோய்க்காரர் எதை வாங்குவது, எதை விடுவது என்று யோசிப்பதில்லை.

ஓட்டுப் போட வராதவர்கள் பற்றி: 2023 செப்டம்பரில் ஊருக்குள் வேகத்தை மணிக்கு 20 மைல் ஆக்கியபோது, நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செனெத்துக்கு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பஸ்ஸில், முடிவெட்டுகிற கடையில், எங்கும் அதே பேச்சு. கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் கார்டிஃப் மேல் போனது. இங்கேதான் சட்டம் போடுகிறார்கள் என்று ஜனங்களுக்குப் புரிந்தது முதலில் கொரோனா காலத்தில், இரண்டாவது அன்றைக்கு.

நான் ஏன் இதை இவ்வளவு யோசிக்கிறேன் என்றால், அபெர்வான். மெர்தருக்குத் தெற்கே, எங்கள் டாஃப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிற ஊர். 1966 அக்டோபர் 21, காலையில் பள்ளிக்கூட மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான். மலைமேல் கொட்டிவைத்திருந்த சுரங்கக் கழிவுக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர். அதில் 116 குழந்தைகள். கல்லறைக்கு ஒரு தடவைதான் போயிருக்கிறேன். வெள்ளைக் கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. எட்டு வயது, ஒன்பது வயது, பத்து வயது. என்னால் வரிசை முழுவதும் நடக்க முடியவில்லை.

ஜனங்கள் நன்கொடை அனுப்பினார்கள். மலைமேல் மீதம் இருந்த குவியல்களை அகற்றுங்கள் என்று ஊர் கெஞ்சியது. அகற்றுகிற செலவுக்கு அந்த நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுண்ட் எடுத்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் நிதி! 1997-ல் லண்டனில் ஆட்சி மாறிய பிறகு அதே 1,50,000 திரும்பி வந்தது, ஒரு பைசா வட்டியில்லாமல். 2007-ல் கார்டிஃப் அரசு 20 லட்சம் பவுண்ட் கொடுத்தது. அவர்கள் எடுத்த பணம் இல்லை அது. இருந்தும் கொடுத்தார்கள். பக்கத்தில் இருக்கிற அரசு என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

கிளாஸ்கோ யாழ்ப்பாணி

தம்பி, வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தன்.

என்ர கவலை வேற ஒன்று. தந்ததைத் திருப்பி எடுக்கலாமா என்றது. வட அயர்லாந்துக்கு 1921-ல நாடாளுமன்றம் வந்தது. 1972-ல லண்டன் அதை நிறுத்தி ஆட்சியைத் தன்ர கையில எடுத்தது. அந்த நாடாளுமன்றம் கத்தோலிக்கருக்குச் செய்த அநியாயம் பெரிசு, அதுக்காக நான் அழேல்லை. ஆனால் எடுக்கலாம் என்றது அண்டைக்கே தெரிஞ்சுது.

இப்ப சட்டத்தில 'ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிரந்தரமானது' என்று எழுதியிருக்கு, வேல்ஸுக்கும் அப்பிடியே. அவையின்ர விசயத்தில லண்டன் சாதாரணமாகச் சம்மதம் இல்லாமல் சட்டம் போடாது என்றும் எழுதியிருக்கு. 'சாதாரணமாக' என்ற அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தில பலம் இல்லை என்று 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. 2020-ல உள்நாட்டுச் சந்தைச் சட்டம், பிரிட்டனில ஒரு பகுதியில விக்கக்கூடிய பொருளை மற்றப் பகுதிகளிலயும் விக்கலாம் என்றது. எடின்பரோவும் சம்மதம் தரேல்லை, கார்டிஃபும் தரேல்லை. நிறைவேறிச்சு. அந்தச் சட்டத்தை வைச்சுத்தான், போத்தல் திருப்பிக் குடுத்தால் காசு என்ற ஸ்காட்லாந்துத் திட்டத்தில கண்ணாடிப் போத்தலைச் சேர்க்க 2023-ல லண்டன் விடேல்லை. திட்டமே தள்ளிப்போச்சு.

இலங்கையை இழுக்க வேண்டாம் என்று சொன்னனீங்கள். ஒரே ஒரு வரி, தொடர்பு இருக்கிறபடியால. மாகாண சபைகளை உண்டாக்கின 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தில காணியும் பொலிசும் 1987-லேயே தாளில எழுதியிருக்கு. கைக்கு வரேல்லை. வட மாகாண சபை 2018-ல பதவிக்காலம் முடிஞ்சு, தேர்தல் வைக்காமலே வருசக்கணக்காய் ஓடிச்சு. அதனாலதான் 'என்ன தந்தவை' என்று கேக்கிறதுக்கு முதல் 'பூட்டு ஆற்ற கையில' என்று கேக்கிற பழக்கம் எங்களுக்கு.

வரவுசெலவு

யாழ்ப்பாணி ஐயா, இந்தப் பதிவு என்னை மடக்கிவிட்டது. நேற்று ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிரீன்லாந்தைப் பாருங்கள். 57,000 பேர்கூட இல்லை. டென்மார்க் தருகிற மானியம் அவர்களுடைய அரசுச் செலவில் கிட்டத்தட்டப் பாதி. வேல்ஸை விடச் சார்பு அதிகம். ஆனால் 2008-ல் வாக்கெடுப்பு வைத்து, 2009-ல் நடைமுறைக்கு வந்த சுயாட்சிச் சட்டத்தில், சுதந்திரம் பற்றிய முடிவைக் கிரீன்லாந்து மக்களே எடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. கனிம வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் அதற்கேற்ப மானியம் குறையும், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. பணத்துக்கு டென்மார்க்கை நம்பியிருக்கிறார்கள். வெளியே போகிற கதவு மட்டும் உள்பக்கமிருந்து திறக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனிலும் ஒரு இடத்தில் அப்படி ஒரு கதவு உண்டு, வட அயர்லாந்தில். பெரும்பான்மை அயர்லாந்தோடு சேர விரும்புவதாகத் தெரிந்தால் வாக்கெடுப்பு வைத்தாக வேண்டும் என்று அங்கே சண்டையை முடித்த 1998 சமாதான ஒப்பந்தம் சொல்கிறது. ஸ்காட்லாந்துக்கு அது இல்லை. லண்டன் சம்மதிக்காமல் எடின்பரோ வாக்கெடுப்பு வைக்க முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. வேல்ஸுக்கும் இல்லை.

நான் இன்னும் தனிநாட்டுக்கு ஓட்டுப் போடுகிற ஆள் இல்லை. ஆனால் 'இருந்தால் லாபம், அதனால் இரு' என்று மட்டும் இனி சொல்லமாட்டேன். கேட்காமல் எடுக்க முடியாத அதிகாரம், கேட்காமல் போகிற உரிமை, இந்த இரண்டும் சட்டத்தில் இருந்தால் பகிர்வே போதும் என்பேன்.

மூன்றுமொழி அம்மா

வேல்ஸின் எதிர்கால ஆட்சிமுறை பற்றி 2024 ஜனவரியில் வந்த ஆணைய அறிக்கையும் இதைத்தான் ஒரு மாதிரி சொன்னது, இல்லையா? முன்னாள் பேராயர் ரோவன் வில்லியம்ஸும் பேராசிரியர் லாரா மக்காலிஸ்டரும் தலைமை வகித்தது. பலமான பகிர்வு, கூட்டாட்சி, தனிநாடு மூன்றுமே சாத்தியம்தான், ஒவ்வொன்றிலும் ஆபத்து உண்டு, இப்போது இருக்கிறபடியே விட்டுவைப்பது மட்டும் நிலைக்காது என்றார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து அதில் கொஞ்சம் படித்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி எட்டிப் பார்த்து, வேல்ஸுக்குச் சட்டமன்றம் வேண்டுமா என்று 1997-ல் வைத்த வாக்கெடுப்பில் கடைசியாக வந்த முடிவு எங்கள் கார்மார்தன்ஷயருடையதுதான் என்றார். அதுவரை 'வேண்டாம்' முந்திக்கொண்டிருந்ததாம். எங்கள் ஓட்டு வந்ததும் மொத்த வேல்ஸும் 6,721 ஓட்டில் 'வேண்டும்' பக்கம் சாய்ந்தது. 1979-ல் இதே மாதிரி வாக்கெடுப்பில் எண்பது சதவீதம் பேர் வேண்டாம் என்ற அதே தேசம். பாட்டி 1979-ல் 'வேண்டாம்' போட்டவராம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். 'நடுவில் சுரங்கத்தை மூடினார்கள்' என்றார்.

டப்ளின்வாசி

அந்தப் பாட்டி சொன்னதைப் படித்த பிறகு எனக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை.

டாஃப்கரை

எல்லாருக்கும் நன்றி. என் முடிவையும் சொல்ல வேண்டும், கேட்டவன் நான்தானே.

அபெரிஸ்ட்வித்திலிருந்து நண்பர் காரில் திரும்பினேன். தெற்கே வரும்போது கடலோரச் சாலைப் பக்கத்தில் ஒரு இடிந்த சுவர். சிவப்பு மேல் வெள்ளையில் 'ட்ரிவெரினை நினைவில் வை' என்று வெல்ஷில் எழுதியிருக்கிறது. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று ட்ரிவெரின் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தையே 1965-ல் நீரில் மூழ்கடித்தார்கள். அதற்கான சட்டத்துக்கு வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரவாக ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் நிறைவேறியது. லிவர்பூல் மன்னிப்புக் கேட்டது 2005-ல்.

36 பேரில் ஒருவரும் ஆதரிக்காத சட்டம் 1957-ல் நிறைவேறியது. செனெத் சம்மதம் தராத சட்டம் 2020-ல் நிறைவேறியது. நடுவில் அறுபத்து மூன்று வருஷம், ஒரு சட்டமன்றம், மூன்று வாக்கெடுப்பு. மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடம், அபெர்வானுக்கு கார்டிஃப் கொடுத்த பணம், இதெல்லாம் பகிர்வு தந்தது, அதைச் சின்னதாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை அது இன்னும் தொடவே இல்லை. வரவுசெலவு கேட்கிற இரண்டையும் லண்டன் சட்டத்தில் எழுதிக் கொடுத்தால் நான் பகிர்வுப் பக்கம். எழுதித் தரமாட்டேன் என்றால், நர்ஸ் சம்பளக் கணக்கு தெரிந்தே, பயந்துகொண்டே, 'ஆம்' போடுவேன்.

சந்தேகம், மாமியார் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

சந்தேகம்

போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. நேற்று கைத்தடியோடு தெருமுனை வரை நடந்தார். கேட்டதற்கு நன்றி.